சூடு ஆறுமுன் சொன்ன கதைகள்

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 1960இல் வெளிவந்தது. ஸ்கவுட் என்ற சிறுமி சொல்லும் கதை என்றே அதைப் படித்த பலரும் நினைவு வைத்திருப்பார்கள். ஆனால் அந்த ஊரையும் அப்பா வாதாடிய வழக்கையும் நமக்குச் சொல்பவள், வளர்ந்து வெகுகாலம் ஆன பிறகு திரும்பிப் பார்க்கும் ஒரு பெண். சிறுமி கண்டதை அந்தப் பெண்ணின் சொற்கள் தாங்கிப் பிடிக்கின்றன. எது வெறும் விளையாட்டு, எது ஊரையே காட்டிக்கொடுத்த சம்பவம் என்று அவளுக்குத் தெரியும். ஏழு ஆண்டுகள் கழித்து, 1967இல், எஸ். இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' வந்தது. அதன் கதைசொல்லி போனிபாய்க்கு வயது 14. நண்பர்கள் இருவரைப் பறிகொடுத்த சூடு ஆறுவதற்குள், பள்ளியில் ஆங்கில ஆசிரியர் கேட்ட கட்டுரையாக அவன் இதை எழுதுகிறான். அவனுக்குப் பின்னால் வளர்ந்த போனிபாய் யாரும் நிற்கவில்லை.

இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் கொஞ்ச காலமாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதையைச் சொல்பவள் பதினாறு வயதுப் பெண். அவளை எங்கே நிற்க வைப்பது என்று தேடியபோதுதான் இளையோர் நாவல்களில் காலம் கடந்து நிற்பவற்றை, எழுதுகிறவரின் கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். கும்பல் சண்டை, பள்ளி, சிறை, எதிர்கால உலகம் என்று களம் மாறிக்கொண்டே போனது. ஒன்று மட்டும் மாறவில்லை. சொல்லும் குரல் சம்பவத்துக்கு மிக அருகில் நிற்கிறது. நடந்ததற்கு அர்த்தம் கிடைப்பதற்கு முன்பே பேசத் தொடங்கிவிடுகிறது. நாயகனின் வயதைவிட இந்த அருகாமையே இளையோர் நாவலைத் தனி வகையாக்குகிறது என்று நினைக்கிறேன். சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' 1951இல் பெரியவர்களுக்கான நாவலாகத்தான் வெளியானது. ஹோல்டன் போன வருஷம் நடந்ததைச் சொல்கிறான், அதற்குள் எதுவும் அவனுக்குத் தெளிந்திருக்கவில்லை. பதின்வயது வாசகர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டதற்கு அதுவே போதுமான காரணம்.

ஹின்டனுக்கு இந்த அருகாமை தானாக வாய்த்தது. ஓக்லஹோமாவின் டல்சா நகரில் வில் ரோஜர்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர் அவர். சினிமா பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்துபோன நண்பன் ஒருவனைப் பணக்கார வீட்டுப் பையன்கள் அடித்துப்போட்டார்கள். அந்தக் கோபத்தில் 15 வயதில் எழுதத் தொடங்கி, பெரும்பகுதியை 16 வயதில் முடித்தார். புத்தகம் வந்தபோது அவருக்கு 18. ஆண் விமர்சகர்கள் பெண்பெயரைப் பார்த்தவுடன் புத்தகத்தை ஒதுக்கிவிடக்கூடும் என்பதால் முதலெழுத்துகள் மட்டும் அட்டையில் அச்சாயின. அன்றைய நூலக அலமாரியில் பதின்வயதினருக்கென்று கிடைத்தவை நடன விருந்து, முதல் காதல், கால்பந்துக் குழு என்ற வட்டத்துக்குள் சுழன்றன. அவற்றிலும் நல்லது உண்டு. மௌரீன் டேலி கல்லூரி மாணவியாக இருந்தபோது எழுதி 1942இல் வெளியான 'செவன்டீன்த் சம்மர்' ஒரு கோடையின் காதலை நேர்மையாகச் சொன்ன நாவல். ஆனால் கத்தியோடு பள்ளிக்கு வருபவர்களை அந்த அலமாரி அறிந்திருக்கவில்லை. தன் நாவல் வந்த அதே ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் நூல் மதிப்புரை இதழில் ஹின்டன் ஒரு கட்டுரை எழுதினார். பதின்வயதினர் நிஜமானவர்கள், அவர்களுக்கு எழுதப்படுவதில்தான் நிஜம் இல்லை என்பது அதன் சாரம். ஒரு வாசகியின் அதிருப்தி நாவலாகவும் விமர்சனமாகவும் ஒரே ஆண்டில் அச்சேறியது.

எழுதுகிறவராகப் படிக்கும்போது 'தி அவுட்சைடர்ஸ்' நாவலில் இரண்டு இடங்கள் என்னைப் பிடித்து நிறுத்துகின்றன. ஒன்று தொடக்கம். போனிபாய் தன் கூட்டாளிகளை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தும்போது தலைமுடியையும் கண்ணின் நிறத்தையும் விடாமல் சொல்கிறான். அனுபவமுள்ள பதிப்பாசிரியர் பாதியை வெட்டியிருப்பார். வெட்டாமல் விட்டதுதான் சரி. அப்பா அம்மாவை விபத்தில் இழந்து அண்ணன்மார் இருவரோடு வாழும் பையனுக்குத் தன் ஆட்களின் முகங்கள் மட்டுமே சொத்து. அவன் சொத்தைக் கணக்குப் பார்க்கிறான். இரண்டாவது இடம் முடிவுக்குச் சற்று முன்னால் வருகிறது. பூங்காவில் பணக்கார வீட்டுப் பையன் பாபைக் குத்தியவன் போனிபாயின் கூட்டாளி ஜானி. அந்த ஜானி பிறகு தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் இறந்துபோகிறான். போனிபாய் இதை ஏற்க மறுக்கிறான். பார்க்க வந்தவனிடம், கத்தி தன் கையில்தான் இருந்தது என்று சாதிக்கிறான். அண்ணன் சொல்லியும் அவன் கேட்பதில்லை. இங்கே கதைசொல்லும் குரல் குறுக்கிட்டு நமக்கு எதையும் விளக்குவதில்லை, அது அவனோடு சேர்ந்தே பிதற்றுகிறது. வளர்ந்த போனிபாய் ஒருவன் கதை சொல்லியிருந்தால், அப்போது எனக்கு மனம் பேதலித்திருந்தது என்று ஒரு வாக்கியம் வந்திருக்கும். அந்த ஒரு வாக்கியம் அத்தியாயத்தையே கொன்றிருக்கும்.

அடுத்த நாவலுக்கு ஹின்டன் நான்கு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. திடீர்ப் புகழ் கையைக் கட்டிப்போட்டது. பிற்பாடு கணவரான நண்பர், ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் எழுதியே ஆகவேண்டும் என்று வற்புறுத்தியதில் 'தட் வாஸ் தென், திஸ் இஸ் நவ்' 1971இல் வந்தது. தன் வயதின் சூட்டிலேயே எழுதியவருக்குக்கூட அந்தச் சூடு ஒருமுறைதான் இலவசமாகக் கிடைக்கும் போலிருக்கிறது. இரண்டாவது முறை அதைக் கையால் உண்டாக்க வேண்டும்.

எனக்கு உதவக்கூடிய நாவல்கள் இதற்குப் பிறகு வருபவைதான், ஏனென்றால் அவற்றை எழுதியவர்கள் பதின்வயதை எப்போதோ தாண்டியவர்கள். 'தி சாக்லேட் வார்' 1974இல் வெளியானபோது ராபர்ட் கார்மியருக்கு வயது 49. மாசசூசெட்ஸின் லியோமின்ஸ்டர் நகரில் பிறந்து, அங்கேயே வாழ்ந்த பத்திரிகைக்காரர். பள்ளி நிதிக்காகச் சாக்லேட் விற்கச் சொன்னபோது அவருடைய மகன் மறுத்துவிட்டான். நிஜத்தில் அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அப்பா யோசித்தார். நாவலில் ட்ரினிட்டி பள்ளி 20,000 பெட்டிகளை வாங்கிவைத்துக்கொண்டு மாணவர்கள் தலையில் கட்டுகிறது. ஜெர்ரி ரெனால்ட் மட்டும் விற்க மறுக்கிறான். விஜில்ஸ் என்ற ரகசியக் கூட்டமும், நிர்வாகத்தை ஏற்றிருக்கும் பிரதர் லியோனும் சேர்ந்து அவனை நசுக்குகிறார்கள்.

கார்மியர் தன்மையில் எழுதவில்லை. ஒரு பையனின் மண்டைக்குள்ளிருந்து இன்னொருவனின் மண்டைக்குள் குட்டிக் குட்டி அத்தியாயங்களாகத் தாவுகிறார். அப்படியானால் அருகாமை என்ற என் வாதம் இங்கே உடைகிறதா? உடையவில்லை என்றே நினைக்கிறேன். அத்தனை மண்டைகளுக்கும் மேலே நின்று பார்க்கும் ஒன்று அந்த நாவலில் இல்லை. விஜில்ஸ் கூட்டத்து ஆர்ச்சியின் குரூரத்துக்குள் நுழையும்போதும் எழுத்தாளர் நம்மிடம் கண்ணடிப்பதில்லை, கண்டிப்பதும் இல்லை. முடிவில் ஜெர்ரி அடிபட்டு, உடைந்து, எதிர்த்ததே வீண் என்ற முடிவுக்கு வருகிறான். லியோனுக்குத் தண்டனை இல்லை. பதிப்பகங்கள் பல இந்த முடிவை மாற்றச் சொன்னன. கார்மியர் மறுத்தார். பெரியவர்களுக்கான நாவல் என்று நினைத்தே அவர் எழுதியிருந்தார். இது இளையோர் நாவல் என்று சொன்னவர் அவருடைய முகவர்.

முதல் வாசிப்பில் அந்தக் கடைசிப் பக்கங்கள் எனக்குத் தாங்கவில்லை. யாராவது ஒருவன் எழுந்து நின்று ஜெர்ரியின் பக்கம் வருவான் என்று எதிர்பார்த்தேன். நண்பன் கூபர் வருகிறான், ரொம்பத் தாமதமாக. நம்பிக்கையைக் கெடுக்கும் புத்தகம் என்று அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து இதை நீக்கக் கோரியவர்கள் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். அவர்களுடைய கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பையன் அந்த நிமிஷத்தில் வேறு எதை நினைக்க முடியும்? தாடை உடைந்து கிடப்பவன் வாயில் ஆறுதலைத் திணித்தால், அதைச் சொல்பவர் ஊரில் எங்கோ பத்திரமாக இருக்கும் நடுவயது மனிதர் ஆகிவிடுவார். கார்மியர் தன்னுடைய 49 வயதை அந்தப் பக்கத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டார். மிச்சமிருக்கும் கோபம் வாசகனுடையது. அவருடைய வாசகர்கள் அந்த உறவைப் புரிந்துகொண்டார்கள். 'ஐ ஆம் தி சீஸ்' நாவலில் ஒரு பெண்ணின் தொலைபேசி எண்ணாகத் தன் வீட்டு எண்ணையே அவர் போட்டிருந்தார். பிள்ளைகள் அழைத்தபோதெல்லாம் அவர் பேசினார்.

அமெரிக்க நூலக சங்கத்தின் இளையோர் பிரிவு, டொபீகா நகரப் பள்ளி நூலகர் மைக்கேல் பிரின்ட்ஸ் பெயரில் ஒரு விருதை 2000இல் தொடங்கியது. முதல் விருது வால்டர் டீன் மையர்ஸின் 'மான்ஸ்டர்' நாவலுக்கு. சிறப்பிடம் பெற்றவற்றில் லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' ஒன்று. இரண்டும் 1999இல் வந்தவை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. நடந்ததைச் சொல்ல முடியாதவர்கள்தான் இரண்டிலும் கதைசொல்லிகள்.

'ஸ்பீக்' மெலிண்டாவின் ஒன்பதாம் வகுப்பு ஆண்டு. கோடை விடுமுறை விருந்து ஒன்றில் போலீசைக் கூப்பிட்டவள் என்று பள்ளியே அவளை ஒதுக்கிவைத்திருக்கிறது. ஏன் கூப்பிட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் நமக்கும் சொல்வதில்லை. உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறாள், துப்புரவுப் பணியாளரின் பழைய அறையில் ஒளிந்துகொள்கிறாள், ஓவிய வகுப்பில் ஆண்டு முழுக்க ஒரு மரத்தையே வரைந்து வரைந்து பார்க்கிறாள். நாடகப் பிரதிபோல எழுதப்பட்ட உரையாடல்களில் அவளுடைய முறை வரும்போது பெயருக்குப் பக்கம் வெற்றிடம். தான் பலாத்காரம் செய்யப்பட்டதை நமக்கு அவள் சொல்லும்போது நாவல் பாதியைத் தாண்டியிருக்கும். நிகழ்காலத்தில் பேசும் ஒருத்தி, வாசகருக்கு மறைக்க வேண்டும் என்ற உத்தேசம் இல்லாமலே மறைக்கிறாள். மர்மத்துக்காகத் தகவலைப் பிடித்துவைக்கும் நாவல்கள் ஏராளம். இங்கே பிடித்துவைப்பது ஆசிரியை இல்லை, அந்தப் பெண்ணின் தொண்டை. இந்த வேறுபாட்டை உணர்ந்த பிறகு என் கைப்பிரதியின் பல பக்கங்களை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். என் பெண் எதைச் சொல்லவில்லை என்பதை நான் தீர்மானித்தால் அது தந்திரம், அவளுக்கு அது வாயில் வரவில்லை என்றால் அது குணச்சித்திரம். நாற்பதை நெருங்கிய வயதில் 'ஸ்பீக்' எழுதிய ஆண்டர்சன், 13 வயதில் தனக்கே பலாத்காரம் நேர்ந்தது என்பதை 2019இல் வந்த 'ஷவுட்' என்ற கவிதை வடிவத் தன்வரலாற்றில் எழுதினார். இத்தனை காலத்துக்குப் பிறகும் பெரியவளின் தெளிவை மெலிண்டாவுக்குக் கடன் கொடுக்காமல் இருந்திருக்கிறார் என்பதை நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது.

'மான்ஸ்டர்' நாவலின் ஸ்டீவ் ஹார்மனுக்கு வயது 16, ஊர் ஹார்லெம். மருந்துக் கடைக் கொள்ளையில் கடைக்காரர் கொல்லப்பட்டிருக்கிறார். உளவு பார்த்துச் சொன்னவன் என்று ஸ்டீவ் மீது கொலைவழக்கு. பள்ளியில் சினிமாக் கழகத்தில் இருந்தவன், தன் விசாரணையைத் திரைக்கதையாக எழுதுகிறான். நடுநடுவே கையெழுத்து வடிவில் சிறைக் குறிப்புகள். காட்சி, குரல், கேமரா நகர்வு என்று எழுதும்போது தன்னை வெளியிலிருந்து பார்க்கும் வசதி கிடைக்கிறது. அவன் உண்மையில் அந்தக் கடைக்குப் போனானா, எதற்குப் போனான் என்பது திரைக்கதையிலும் தீர்வதில்லை, குறிப்பிலும் தீர்வதில்லை. அருகில் நிற்பவன் முழு உண்மையையும் சொல்வான் என்ற எண்ணத்தை மையர்ஸ் உடைக்கிறார். விடுதலைத் தீர்ப்பு வந்ததும் ஸ்டீவ் கைகளை விரித்துத் தன் வழக்கறிஞரை அணைக்கப் போகிறான். அவர் விறைத்துத் திரும்பிக்கொள்கிறார். அவர் எதைக் கண்டார் என்பது அவனுக்குத் தெரியவில்லை. நமக்கும் தெரியவில்லை. நான் படித்த இளையோர் நாவல்களில் ஆகக் கடினமான காட்சி இதுதான்.

மையர்ஸ் ஹார்லெமில் வளர்ந்தவர், உயர்நிலைப் பள்ளியை முடிக்காமல் ராணுவத்துக்குப் போனவர். ஜேம்ஸ் பால்ட்வினின் 'சன்னிஸ் ப்ளூஸ்' கதையைப் படித்தபோதுதான் தன் தெருவைப் பற்றி எழுதத் தனக்கு அனுமதி கிடைத்ததாக உணர்ந்தார் என்று, இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 2014இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அதே கட்டுரையில் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு ஒன்றைக் காட்டினார். 2013இல் வெளியான 3,200 சிறார் நூல்களில் கறுப்பின மக்களைப் பற்றியவை 93. அருகில் நின்று பேசுவது உத்தியாக மட்டும் இருந்துவிட முடியாது, எந்தத் தெருவில் நின்று பேசுகிறவர்களை அச்சகம் ஏற்றுக்கொள்கிறது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

லோயிஸ் லோரியின் 'தி கிவர்' (1993) இந்த அருகாமையை மொழியின் அளவில் உண்டாக்குகிறது. ஜோனாஸ் வாழும் சமூகத்தில் வலி இல்லை, தேர்வு இல்லை, நினைவு இல்லை. தூக்கிப்போட்டு விளையாடிய ஆப்பிள் காற்றில் ஒரு கணம் மாறுவதை அவன் பார்க்கிறான். என்ன மாறியது என்று சொல்ல அவனிடம் சொல் கிடையாது. அவன் கண்டது சிவப்பு என்று பிற்பாடு தெரியவரும்போதுதான், அதுவரை இந்த உலகம் நமக்கு வண்ணமில்லாமலே விவரிக்கப்பட்டு வந்தது உறைக்கிறது. நாவல் படர்க்கையில் இருந்தாலும் ஜோனாஸுக்குத் தெரியாத எதையும் எழுத்தாளர் முந்திக்கொண்டு சொல்வதில்லை. அட்டையில் இருக்கும் முதியவர் கார்ல் நெல்சன் என்ற ஓவியர். ஒரு காலத்தில் லோரியே அவரைப் படமெடுத்திருந்தார். வண்ணங்களை அவ்வளவு நுட்பமாக அறிந்த அந்த மனிதர் பின்னாளில் பார்வையை இழந்தார் என்பதை நியூபெரி விருது ஏற்புரையில் லோரி சொன்னார்.

தன்மையும் நிகழ்காலமும் இன்று இவ்வகை நாவல்களின் சீருடை ஆகிவிட்டன. சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) வெற்றிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. நாயகி காட்னிஸ் பிழைப்பாளா என்று தெரியாத களத்தில் நிகழ்காலம் பொருந்தியது. பின்னால் வந்த பலவற்றில் அது வெறும் வேகம். வினைமுற்றை நிகழ்காலத்தில் முடித்துவிட்டு, அறிவை நாற்பது வயதில் வைத்துக்கொள்ளும் கதைசொல்லிகளை நான் நம்புவதில்லை. அந்த அறிவைப் பிடுங்குவதுதான் கஷ்டமான வேலை.

இந்த நாவல்களைச் சேர்த்துப் பார்த்தால் இன்னொரு விஷயமும் கண்ணில் படுகிறது, அதுதான் எனக்குத் தொந்தரவாக இருக்கிறது. அருகாமையை உண்டாக்க எல்லாரும் முதலில் பெற்றோரை அகற்றுகிறார்கள். போனிபாயின் பெற்றோர் இறந்துவிட்டார்கள். ஜெர்ரியின் அம்மா இறந்துவிட்டார், அப்பா உணர்ச்சி வற்றிப்போனவர். மெலிண்டாவின் வீட்டில் சமையலறை மேடையில் சீட்டு எழுதிவைத்துப் பேசிக்கொள்கிறார்கள். ஸ்டீவ் சிறைக்குள் இருக்கிறான். ஜோனாஸின் அப்பா என்ன செய்கிறவர் என்று தெரிந்த நாளில் அவனுக்கு அப்பா இல்லாமல் போகிறார். பெரியவர் பக்கத்தில் இருந்தால் அவருடைய விளக்கம் கதைக்குள் வந்துவிடும் என்ற பயம் இதில் இருக்கிறது.

பூமணியின் 'வெக்கை' (1982) அந்தப் பயம் இல்லாமல் எழுதப்பட்டது. அதை யாரும் இளையோர் நாவல் என்று விற்கவில்லை. ஆனால் சிதம்பரத்துக்கு வயது 15. கையை வெட்டத்தான் போனான், ஆளே செத்துப்போகிறான். நாவல் அங்கேயே, அரிவாள் இறங்கிய நொடியிலேயே தொடங்குகிறது. பாபைக் குத்திய பிறகு பாழடைந்த தேவாலயத்தில் ஒளிந்திருந்த போனிபாயும் ஜானியும் ஒருவரையொருவர் மட்டுமே நம்பியிருந்தார்கள். சிதம்பரத்தோடு அவன் அப்பாவே கரிசல் காட்டுக்குள் ஒளிகிறார். சோறு பொங்குகிறார்கள், தேன் எடுக்கிறார்கள், தன் இளவயதில் நடந்ததை அப்பா சொல்கிறார். இருந்தும் கதை பையனுடைய கண்ணைவிட்டு நகர்வதில்லை. அப்பாவுக்கு அனுபவம் இருக்கிறது, நடந்த கொலையின் பொருள் அவர் கையிலும் இல்லை. அவரும் அதே சூட்டுக்குள் இருப்பதால் அவருடைய பேச்சு தீர்ப்பாக மாறுவதில்லை. கடைசியில் நீதிமன்றத்தை நோக்கிப் போகிறார்கள். அங்கே என்ன ஆனது என்று சொல்ல பூமணி காத்திருக்கவில்லை.

என் நாவலின் முதல் வடிவத்தில் அந்தப் பெண்ணின் அம்மா வெளியூரில் வேலைக்குப் போயிருந்தார். அமெரிக்க நாவல்களின் பழக்கம் அது. இப்போது அம்மாவை வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறேன். ராத்திரியில் அம்மா பேசுகிறார், மகள் பதில் சொல்வதில்லை. அந்தப் பேச்சில் அம்மாவுக்குத் தெரிந்ததாக நான் எழுதிவைத்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.